ஆறாவது தரம் பெயின்ற் அடித்த சுவர்

"அந்தச் சுவருக்கு நாங்கள் அடிச்சது ஆறாவது தரம், சித்தி."

காலை பஸ்ஸில் என் முன்னிருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டேன். இருபது வயதிருக்கும். மலாவியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டு செய்யப் போய் வந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய சித்தி, தொழிற்சாலைச் சப்பாத்தோடு.

"ஏன், மழை கழுவிப்போட்டுதோ?"

"இல்லை. வாற ஒவ்வொரு குறூப்புக்கும் ஒரு வேலை குடுக்க வேணுமெல்லே. நாங்கள் வெளிக்கிடேக்குள்ளயே அடுத்த குறூப்புக்குப் பெயின்ற் வந்து இறங்கீட்டுது."

"அப்ப படிப்பு?"

"கணக்குக்கு ரீச்சரே இல்லை. என்ர வயசில கிரேஸ் எண்டொரு பிள்ளை, கணக்குச் சோதினையில பெயிலானவள், அவள்தான் சின்னனுகளுக்குப் படிப்பிக்கிறாள். தான் திரும்பச் சோதினை எடுக்கோணும், சொல்லித் தாங்கோ எண்டு கேட்டாள். எங்களில ஒருத்தருக்கும் தெரியேல்லை. எட்டுப் பேர், ஆளுக்கொரு பிரஷ்."

சித்தி சிரித்தார். "நல்ல வடிவாத்தான் ஆள் பிடிச்சிருக்கினம். போக முந்தி உங்களிட்டை என்ன கேட்டவை?"

"நீந்தத் தெரியுமோ எண்டு."

"கடலோ அங்க?"

"இல்லை, ஒரு கிணறுதான். கடைசி நாள் கிரேஸ் கேட்டாள், உங்கட நாட்டில ரீச்சர்மார் இல்லையோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"பிரஷ் கழுவோணும் எண்டு போயிட்டன்."

"இருக்கினம் எண்டு சொல்லியிருக்கலாம். ஊரில பதினெட்டு வருசம் கணக்குப் படிப்பிச்ச ஒருத்தி இஞ்ச வெளிநாட்டுக்கு வந்து பிஸ்கற் பெட்டிக்கு லேபிள் ஒட்டுறாள் எண்டு சொல்லியிருக்கலாம்."

பஸ் நின்றது. சித்தி எழுந்தார்.

"கிரேஸின்ர நம்பர் இருக்கோ?"

"ஓம்."

"அனுப்பிவிடு. பன்ரண்டு மணிக்கு எனக்கு பிரேக்."