தீவு நாட்டின் காலி இருக்கை

எனக்குப் பாதகமானதையும் விடாமல், நடந்ததை நடந்தபடியே காவல் நிலையத்தில் உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயர் எல்ட்ரிட் நெஸ், வயது பதினாறு, பெர்கன் நகரம் சாண்ட்விக்கன் பகுதியில் வசிக்கும் பள்ளி மாணவி. எனக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஆழ்கடல் தரையில் சுரங்கம் தோண்ட அனுமதிக்கும் பன்னாட்டுத் தீர்மானம் நேற்று எங்கள் ஊர் மாநாட்டு அரங்கில் முடிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மாநாட்டின் விதிகளை முழுவதும் படித்திருந்தேன். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. அரங்கில் இருக்கும் ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். காலையிலிருந்து எங்கள் மாணவர் குழுத் தலைவி சுன்னிவா முற்றத்தில் வாஃபிள் சுட்டு, பிரதிநிதிகளைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். இடைவேளை முடிந்து பிரதிநிதிகள் எல்லோரும் உள்ளே போய்விட்டதாக நினைத்து, சுரங்கக் கம்பெனிக்காரர்களைத் தடுப்பதற்காக நாங்கள் கதவின் முன் கைகோத்து உட்கார்ந்தோம். யார் வந்தாலும் எழக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

அதன் பிறகு சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஓர் அம்மையார், பாதி வாஃபிள் மிச்சமிருந்த காகிதத் தட்டோடு வந்து, "வழி விடும்மா, உங்களுக்காகத்தான் பேசப் போறேன்" என்றார்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. எங்க வாஃபிளையும் தின்னுட்டு எங்க கடலையும் தோண்டுவீங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அம்மையார் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் அதைப் படிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதன் பிறகு, மறுப்பவர் உண்டா என்று மாநாட்டுத் தலைவர் கேட்பது ஒலிபெருக்கியில் ஒலித்தது. யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியல் தட்டும் சத்தம் வந்தது. அப்போது கையெல்லாம் மாவோடு சுன்னிவா ஓடி வந்து, "எந்திரிடி! இவங்கதான்டி தீவு நாட்டுப் பிரதிநிதி மெலெசெய்னி அம்மா. இவங்க நாடு ஒண்ணுதான் மறுக்கறதா இருந்துச்சு. நான் கூப்பிட்டுத்தான் வெளியவே வந்தாங்க" என்றாள்.

அதன் பிறகு போலீசார் வந்து, பிரதிநிதியைத் தடுத்தது யார் என்று விசாரித்தபோது, தான்தான் என்று சுன்னிவா சொல்லிவிட்டாள். அவள் மீது வழக்குப் பதிவானால், இந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும் அடுத்த கூட்டத்துக்கு இளைஞர் பிரதிநிதியாக அவளால் போக முடியாது. வண்டியில் ஏறும்போது என்னிடம், "வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ, லூசு" என்றாள். நான் போனேன். தடுத்த நேரத்தில் அவள் கதவருகிலேயே இல்லை. அம்மையாரைத் தடுத்தது நான்.

இதைப் படித்துக் காட்டினார்கள்; நான் சொன்னபடியே இருக்கிறது; யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். நேற்று வீட்டுக்குப் போகுமுன் என் பையை எடுக்கத் திரும்பிப் போனபோது அரங்கக் கதவு திறந்திருந்தது. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அந்த அம்மையார் தன் நாட்டுப் பெயர்ப்பலகையின் பின்னால் நின்று, வேலை செய்யாத ஒலிவாங்கியின் முன் தன் மறுப்புரையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அவர் தாளை மடித்ததும் விளக்குகள் அணைக்கப்பட்டன.

(ஒப்பம்) எல்ட்ரிட் நெஸ்