பெட்டிக்குள் மூன்று தட்டு

என் பெயரும் கதவிலக்கமும் மேலே கண்டபடி. வயது நாற்பத்தொன்று. அச்சகத்துக்கு மேல்மாடியில் மனைவியுடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலிப்பதிவு செய்வது தொழில். ஆய்வாளர் விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வதாவது:

பாதிக்கப்பட்ட பெண்மணியை ஒன்பது வருடமாகத் தெரியும். தொடர்களில் பிணமாக நடிப்பது அவர் வேலை. கேமரா எவ்வளவு கிட்டே வந்தாலும் அவர் நெஞ்சு அசையாது என்பதால் எல்லோரும் மூச்சக்கா என்றே கூப்பிடுவோம். மருமகளின் பிரசவத்துக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் தன்னைப் பார்த்துத் தட்டைக் கீழே போட்டதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அவரைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும் காட்சி. வில்லன் பெட்டியைப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்து மூன்று நிமிடம் வசனம் பேச வேண்டும். ஒத்திகையில் விரிப்பில் மூக்குக்கு நேராக ஒரு கிழிசல் விட்டிருந்தார்கள். அது கேமராவில் தெரிகிறது என்று இயக்குநர் வேறு விரிப்பு கொண்டுவரச் சொன்னார். ஒப்பனைக்காரம்மா, "இதுல ஓட்டையே இல்லையே சார்" என்றார். அதற்கு இயக்குநர், "மூச்சக்காவுக்கு எதுக்கும்மா ஓட்டை" என்றார். மூச்சக்காவும் சிரித்தார். அதன் பிறகு, முடியாவிட்டால் குதிகாலால் மூன்று தட்டு தட்டுவதாக அவர் சொன்னார். நான் சரி என்றேன். இயக்குநர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

அதன் பிறகு அவரைச் சுற்றிக் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். பெட்டியை இழுக்கும் சத்தத்துக்காக உள்ளே ஒரு மைக் வைத்திருந்தேன். மூடி பூட்டப்பட்டது. சாவி ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது. வில்லன் நடிகர் பேச ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் என் ஹெட்போனில் மூச்சக்காவின் மூச்சு கேட்டது. ஒன்பது வருடத்தில் பதிவின்போது அவர் மூச்சு எனக்குக் கேட்டதே இல்லை. அதன் பிறகு மூன்று தட்டு கேட்டது. இயக்குநர் காதிலும் ஹெட்போன் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை உயர்த்தி, சத்தம் நன்றாக வருவதாகச் சைகை காட்டினார். மறுபடியும் மூன்று தட்டு. அதன் பிறகு இரண்டு. அதன் பிறகு பிளாஸ்டிக் உரசும் சத்தம் மட்டும்.

முதல் தட்டு கேட்டு நாற்பத்தேழு விநாடி கழித்து நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிப்போய், பெட்டி மேலிருந்த நடிகரைத் தள்ளினேன். "யாருய்யா அது ஃப்ரேமுக்குள்ள?" என்று இயக்குநர் கத்தினார். சாவியைத் தேடி வெளியே ஓடிய உதவியாளர் திரும்பவில்லை. நடிகரும் நானும் விளக்குத் தாங்கியின் காலைச் செருகி நெம்பியதில் தாழ்ப்பாள் பிய்ந்தது. நடிகர் பல்லால் விரிப்பைக் கிழித்தார். மூச்சக்காவின் உதடும் நகமும் நீலமாக இருந்தன. அந்த நீலம் ஒப்பனைக்காரம்மா காலையில் பூசியது என்பதால், முகத்தைப் பார்த்து எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்தம்மா தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். துடைத்த பிறகும் உதடு நீலமாகவே இருந்தது. நடிகர் வாயோடு வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோதுதான் ஒரு இருமல் வந்தது.

அன்று மாலை இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த டேக்கை அழிச்சிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். நான் அழிக்கவில்லை. பதிவு அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று மருத்துவமனையில் மூச்சக்காவைப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை. "உனக்குக் கேட்டுச்சு இல்ல?" என்றார். "கேட்டுச்சுக்கா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் தட்டும் சத்தம் கேட்டதும் நான் "உடனே" ஓடியதாக எழுதப்பட்டிருந்தது. முதல் தட்டுக்கும் நான் எழுந்ததற்கும் இடையே நாற்பத்தேழு விநாடி என்று பதிவில் இருக்கிறது. டேக் கெட்டால் அடுத்த தொடருக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆகவே "உடனே" என்பதை அடித்து, "நாற்பத்தேழு விநாடி கழித்து" என்று எழுதும்படி கேட்டேன். ஆய்வாளர், "இது உங்களுக்கே பாதகமா முடியும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். திருத்திய இடத்திலும் கீழேயும் என் கையெழுத்து உள்ளது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, உண்மை.

(ஒப்பம்)
ஒலிப்பதிவாளர்