டெக்சாஸ் போகாத கொசுறு

அந்த ஆளை மட்டும் நான் சும்மா விடறதா இல்ல அம்மிணி. நாப்பத்தி மூணு நாளா இதே நெனப்புத்தான் எனக்கு. எல்லாத்தையும் கெடுத்தது அந்த ஒரே ஆள்தான். மெதுவாப் பேசறேன், சரி. உள்ள புள்ளைங்க உயிரெழுத்து ஒப்பிச்சுட்டு இருக்குதுங்க, தெரியுது.

யாரா? சித்த இரு, வர்றேன். எந்திரிக்காத. உன்ற ரக்ஷாவுக்கு இன்னும் முக்கா மணி நேரம் கிளாஸ் இருக்குது. வெளிய பனி கொட்டுது. இந்த கஃபெடீரியாவுல வேற டேபிளும் காலி இல்ல. பாத்துட்டுத்தான் வந்து உக்காந்தேன்.

எனக்குப் புள்ள இங்க படிக்கலைதான். க்ரிஷுக்கு இருபத்தஞ்சு வயசாச்சு, இன்னும் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றான், அது வேற கதை. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். வேலையை விட்டுட்டுப் போனா மொதலாளி நம்பரை பிளாக் பண்ணணும்னு ஏதாவது சட்டம் இருக்குதா? என்ற ஊட்டுக்காரி சாந்தாமணிதான் வழி சொன்னா. சனிக்கெழமை காலைல ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க, தாமரைச்செல்வி அங்கதான் இருப்பா, புள்ளைய விட்டுட்டு எங்கயும் ஓட முடியாதுன்னா. சம்சாரம்னா அப்படி இருக்கோணும்.

டோனட் எடுத்துக்க. வேண்டாமா? சரி, நான் திங்கறேன்.

அந்த பிளட் டெஸ்ட் லேப் வெசயம் உனக்குத் தெரிஞ்சதுதான். நீ செஞ்ச வேலைதான். ஆனா எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது, அதனால நான் சொல்றேன், தப்பா இருந்தாத் திருத்து. நியூஜெர்சி பூரா முப்பது கிளினிக். அத்தனை பேரு ரத்த ரிப்போர்ட்டும் எடிசன்ல, நாம வெச்ச ஸ்டோரேஜ்ல இருக்குது. நாளைக்கு எடிசன் ஊரே தண்ணியில மூழ்குனாலும், டெக்சாஸ்ல ஆலன்ல அதே மாதிரி இன்னொரு ஸ்டோரேஜ் தயாரா நிக்கோணும். இங்க எழுதறது அத்தனையும் அங்கயும் போய்ச் சேந்துட்டே இருக்கோணும். அதுக்குப் பேருதான் ரெப்ளிகேஷன். இருபது வருசமா ஸ்டோரேஜ் விக்கறேன், நான் இதை ஜெராக்ஸ் மாதிரின்னு நெனச்சுட்டு இருந்தேன். சிரிப்பு வருதா? சிரி. சிரிச்சு எத்தனை நாளாச்சோ.

ஒரு செகண்டுகூடப் பிந்தாதுன்னு கஸ்டமர்கிட்ட நான் அளந்து விட்டுட்டு வந்தேன், ஞாபகம் இருக்குதா? நீ தலைல கைய வெச்சுட்ட. ஆயிரத்து ஐநூறு மைலுங்கண்ணா, ஒவ்வொண்ணும் டெக்சாஸ் போய், வந்து சேந்துட்டேன்னு தகவல் திரும்பி வந்தாத்தான் இங்க அடுத்ததை எழுத முடியும், கவுண்டர்ல டைப் பண்ற புள்ள தூங்கிப் போயிரும்னு சொன்ன. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூட்டை கட்டி அனுப்பலாம்ன. நான் உடனே மூணு நிமிசத்துக்கு முடிச்சுக் குடுன்னேன். லைட்டோட வேகத்துகிட்டயே பேரம் பேசற ஒரே ஆள் நீங்கதானுங்கண்ணான்னு நீ சொன்ன. அதை நான் எத்தனை பேருகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கேன் தெரியுமா?

அப்பறம்தான் அந்த ஆள் இந்த ரெப்ளிகேஷன் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வாங்கப் போனான்.

அம்பது டெராபைட் வரைக்கும் ஒரு ரேட்டு. தாண்டுனா அடுத்த ரேட்டு, கேட்டா நெஞ்சு அடைக்கும். லேப்போட பெரிய டேட்டாபேஸ் நாப்பத்தொம்பது. பக்கத்துல அதோட லாக்னு குட்டியா ஒரு ரெண்டு. அந்த ஆளுக்கு அப்பவே மூளை வேலை செஞ்சுது. காய்கடையில ரெண்டு கிலோ கத்திரிக்கா வாங்குனா கருவேப்பிலை கொசுறு குடுக்கறான். நாப்பத்தொம்பது டெராபைட் வாங்குறவனுக்கு ரெண்டு டெராபைட் கொசுறு தர மாட்டியான்னு சேல்ஸ்காரன்கிட்ட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். வெள்ளைக்காரனுக்குக் கொசுறுன்னா என்னன்னு புரிய வெக்கவே அரை மணி நேரம். கடைசி வரைக்கும் அவன் அசையல. அந்த ஆளுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. சரி போடா, அந்தக் குட்டி டெக்சாஸ் போகவே வேண்டாம், பெருசு போனாப் போதும்னு ஆபீஸ்ல வந்து உங்கிட்டச் சொன்னான்.

நீ எத்தனை தடவ சொன்ன! ரெண்டும் ஒரே குரூப்ல, ஒரே நேரத்துல போவோணும், ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு போனா அங்க டேட்டாபேஸ் தொறக்காதுன்னு. அவன் காதுல வாங்கல. இப்ப எனக்கு எப்படி விளங்குச்சுன்னா, நெவார்க்ல இருந்து குடும்பம் டல்லாஸ் போகுது. பெரிய சூட்கேஸ் போய்ச் சேந்துருச்சு. சாவி ஹேண்ட்பேக்ல இருக்குது. ஹேண்ட்பேக் நெவார்க்லயே கெடக்குது. சாவி இல்லையா? என்ன பின்ன? ம். ம். லாக்னா பாதியில நிக்கற வேலை எதெதுன்னு குறிச்சு வெச்ச நோட்டா? சரி, அப்படியே வெச்சுக்க. நோட்டு நெவார்க்ல. எதை முடிக்கோணும், எதை அழிக்கோணும்னு டல்லாஸ்ல இருக்கறவனுக்குத் தெரியாது, முழிப்பான். சரிதானே? பாத்தயா, தலையாட்டற.

என்ன வள்ளி, வடை டிக்கெட்டா? பொங்கல் விழாவுக்கா? மூணு பிளேட் போடு. நாலா வாங்குனா ஒண்ணு ஃப்ரீயா? இல்லையா? பள்ளிக்கூடத்துக்கு நிதியா? சரி சரி தாயி, நாலுக்கும் காசு தர்றேன், மொறைக்காத. இந்தப் பக்கம் ஒருத்தி மொறைக்கறது போதாதா.

எங்க விட்டேன்? டெஸ்ட். எடிசனை நிறுத்திட்டு ஆலன்ல இருந்து ஓட்டிக் காட்டோணும். லேப்பு சார்பா அந்தக் கேரல் அம்மா, அவங்க ஐ.டி. தலைவி, கூட ரெண்டு ஆளுங்களோட வந்து உக்காந்துச்சு. நாலு மாசமா ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் எரிஞ்சுது. போன பெட்டி ஒழுங்காப் போச்சுன்னுதானே அது காட்டும், போகாத பெட்டியைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? எடிசனை நிறுத்துனாங்க. ஆலன்ல தொறந்தாங்க. தொறக்கல. ஒரு ரிப்போர்ட்டுகூட வரல. நல்லவேளை டெஸ்ட்டோட போச்சு. திரும்ப எடிசனைப் போட்டு விட்டாச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

கேரல் கண்ணாடியைக் கழட்டி டேபிள்ல வெச்சுட்டு, இது எப்படி நடந்துச்சுன்னு கேட்டுச்சு. நீ வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்த ஆள் முந்திக்கிட்டான். எங்க இன்ஜினியர் ஒரு டிஸ்க்கைச் சேக்க மறந்துட்டாங்க, சரி பண்ணிர்றோம்னுட்டான். மறந்துட்டாங்களாம்.

நீ பேட்ஜைக் கழட்டி அந்தக் கண்ணாடி பக்கத்துல வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்ட. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. எனக்குச் சத்தம் பழகுனது. நெவார்க் பெட்ரோல் பங்க்ல வாங்குன திட்டு, டேட்டா சென்டர் தரைக்கடியில படுத்துக் கேபிள் இழுத்தப்ப வாங்குன மிதி, எல்லாம் தாங்குன ஒடம்பு இது. நீ கம்முனு போனயே, அது தாங்கல.

அந்த ரூம்ல எத்தனை பேரு இருந்தோம்? கேரல், அவங்க ஆளுங்க ரெண்டு பேரு, நீ. நீ எண்ண வேண்டாம். நாந்தான் நாப்பத்தி மூணு நாளா எண்ணிட்டு இருக்கேன். எப்படி எண்ணுனாலும் கடைசியா ஒருத்தன் மிச்சம் வர்றான். இப்ப உன்ற எதுக்கால உக்காந்து டோனட் திங்கறான்.

அழுவாத. அழுவலையா? சரி, சளின்னு வெச்சுக்கறேன்.

நீ போன பொறவு லைசென்ஸை முழுசா வாங்கிட்டேன். பேரமே பேசல, சேல்ஸ்காரன் ஒடம்புக்கு முடியலையான்னு கேட்டான். ரெண்டையும் ஒரே குரூப்ல போட்டோம். நீ எழுதி வெச்சுட்டுப் போன பதினாலு பக்கத்தை வெச்சுத்தான் நம்ம ஜூனியர் ஆதர்ஷ் அத்தனையும் செஞ்சான், வரி வரியா. வியாழக்கெழமை மறுபடி டெஸ்ட். ஆலன்ல எட்டே நிமிசத்துல தொறந்துச்சு. கேரல் கை தட்டுச்சு. எல்லாரும் தட்டுனாங்க. எனக்கு மட்டும் கை சேரல. ஏன்னா நாலாம் பக்கத்துல, ரெண்டையும் பிரிக்காதீங்கன்னு நீ கட்டம் கட்டி எழுதி, அதுக்குக் கீழ என்ற ஈமெயிலை அப்படியே ஒட்டி வெச்சிருக்கற. ரிஸ்க் என்னுது, நீ செய்யின்னு நான் அனுப்புனது. தேதியோட. ஆதர்ஷ் அதைப் படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தான். என்ற பையன் வயசு அவனுக்கு.

அதுக்கே நான் வரல அம்மிணி. கூச்சப்பட்டுட்டு இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருப்பேன், பொய் சொல்லல. நேத்து சாந்தாமணி மளிகைக் கடையில உன்ற ஊட்டுக்காரரைப் பாத்திருக்கா. சபரி மறைக்காமச் சொல்லிட்டாரு. புதுக் கம்பெனிக்காரன் உன்னைப் பத்திக் கேரல்கிட்டக் கேட்டானாம். நல்ல பொண்ணுதான், ஆனா ஒரு டிஸ்க்கை மறந்துட்டாங்கன்னு அந்தம்மா மனசுல பட்டதைச் சொல்லிருச்சாம். அதோட ஆஃபர் நின்னு போச்சாம். வேலையில்லாம விசாவுல அறுபது நாள்தான் இருக்க முடியும்னாராம். இன்னைக்குக் கணக்குக்கு அதுல இன்னும் பதினேழுதான் பாக்கி.  இங்க வர வழி சொன்னதோட சரி, சாந்தாமணி அதுக்கப்பறம் எம்மூஞ்சியைக்கூடப் பாக்கல.

திரும்பி வான்னு கூப்பிட வரல. வந்தாச் சந்தோசம், வராட்டியும் நீ நல்லாயிருப்ப. மன்னிச்சுருன்னு உங்கிட்ட மட்டும் இங்க சொல்லிட்டுப் போனா அது ஏமாத்து வேலை. நாலு பேரு முன்னால கெடுத்ததை மூலையில வெச்சுச் சரி பண்ண முடியுமா?

அதான் கேரலைப் பதினொண்ணரைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். அந்த ரெண்டு ஆளுங்களும் லைன்ல வருவாங்க. நாலாம் பக்கத்தை அவங்க மூணு பேருக்கும் காலைலயே மெயில்ல தட்டி விட்டுட்டேன், இனி அழிக்க முடியாது. ஸ்பீக்கர்ல போடறேன், நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டாப் போதும். நடுவுல நான் மழுப்ப ஆரம்பிச்சா டேபிளுக்கடியில என்ற காலை மிதி, பூட்ஸோட. கான்ட்ராக்ட் போனாப் போகுது. கேபிள் இழுக்க இன்னும் முதுகு இருக்குது.

அடிக்குது பாரு. அதுக்குள்ளயா? நிமிசம் தவறாது அந்தம்மா. இந்த டோனட்டை அந்தப் பக்கம் தள்ளி வெய்யி, எடுக்கறேன்.

டேய், ஊரெல்லாம் பேரம் பேசுனவனே. இதுல ஒரு பைசா கொறைக்காத. எந்த வாயால இந்தப் புள்ள பேரைக் கெடுத்தயோ, அதே வாயால சரி பண்ணுடா.