கடல்நீரேரியை நீந்திக் கடந்தவர்

என் கணவருக்கு அறுபது வயதிலும் தலைமுடி நன்றாக வளர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்தவரைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதே அதுதானே, ஏன் இடுப்புவரை சடை என்று.

வாக்குமூலத்தைத் தாய்மொழியில் எழுதித் தரலாம் என்றீர்கள். நன்றி. நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் மற்றவர்களுடைய வார்த்தைகளை இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்றால் நானும் "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. மற்றவர் கதையை "நான்" என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் கணவர் அதை இலவசமாகச் செய்தார்.

சடைக்கு வருகிறேன். ஆனந்தராஜா என்பது அவருடைய முழுப்பெயர். நோர்வேஜியர்களுக்கு ராஜா. எண்பதுகளின் கடைசியில் அகதியாக நோர்வேக்கு வந்தபோது அவரை வடக்கே ஒரு முகாமில் விட்டார்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெடியன்களுக்குப் பொழுதுபோக்கு ஒரு வீடியோக் கடைதான். ஒருநாள் ஒரு கசெட்டின் அட்டையில் சடைமுடியும், மூடிய கண்ணும், முகத்தைச் சுற்றிப் புகையுமாக ஓர் ஆளைக் கண்டிருக்கிறார்கள். சைவப் படம் என்று முடிவு செய்து வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, மச்சம் மாமிசம் சாப்பிடாமல், தொலைக்காட்சிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தார்களாம்.

அது ஜமேக்காப் படம். படகோட்டி ஒருவன், பின்னால் ரெகே இசை, துரத்தும் பொலிஸ் படகுகள், ரப்பர் என்று தூரத்திலேயே தெரியும் ஒரு சுறா. கதாநாயகன் சுருட்டை இழுத்துப் புகைவிட்டபோது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "சித்தர்களும் பிடிக்கிறவைதானே, பேசாமல் பார்" என்று என் கணவர் அடக்கிவிட்டாராம். கடைசியில் அந்தப் படகோட்டி ஒரு பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையை உயர்த்திப் பாடியபடி கடலை நீந்திக் கடக்கிறான். என் கணவர் அன்றைக்குச் சீப்பைக் கைவிட்டார்.

பிறகு ஒஸ்லோவிலும் அந்தப் படத்துக்குப் பைத்தியங்கள் உண்டு என்று தெரிந்துகொண்டார். வருடத்தில் ஒரு தடவை, ஜூன் மாதத்தில், ஹவுகெட்டோவுக்குக் கீழே உள்ள குடாவில் திரைகட்டிப் போடுவார்கள். வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். படம் முடிந்ததும் ஒவ்வொருவராக முதுகில் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நீட்டிய மரப்பாலத்திலிருந்து குதித்து, மிதவைவரை நீந்தித் திரும்புவார்கள். மேளம் அடிப்பவர்களில் ஒருவர் உண்மையான ராஸ்தாபாரி, சடை வளர்ப்பதை விரதமாகக் கொண்ட சமயத்தவர், ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். மேளத்தைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொள்வார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். அந்தக் கூட்டத்தில் அவரை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. எல்லாரும் கவனித்தது என் கணவரைத்தான்.

ஏனென்றால் என் கணவரிடம் கதை இருந்தது.

கதை என்னுடைய அண்ணாவுடையது. மகேந்திரராசா. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடல்நீரேரியில் சனம் ஏறி வந்த வள்ளம் கவிழ்ந்தபோது, அண்ணா ஒரு பிள்ளையை, இடுப்பில் உடுத்திருந்த சாரத்தால் முதுகில் கட்டிக்கொண்டு கரைக்கு நீந்தி வந்தார். கரையில் நின்ற என்னிடம் பிள்ளையைத் தந்துவிட்டு, இன்னொன்று இருக்கிறது என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அந்த நேரம் என் கணவர் இங்கே நோர்வேயில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. அவர்களுடைய ஊரில் குளம்கூட இல்லை.

கலியாணம் செய்து வந்த முதல் குளிர்காலத்தில் அண்ணாவின் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் அழுதார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். சில வருடங்களில் அதே கதையை அந்தக் குடாவில் நோர்வேஜிய மொழியில் கேட்டேன். சாரமும் முதுகும் பிள்ளையும் எல்லாம் இருந்தன. நீந்தியவர் மட்டும் மாறியிருந்தார். இரண்டாவது பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் மொழி, சொல்லத்தான் வேண்டும், மிகவும் திருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன், சண்டை பிடிக்கவில்லை.

"செத்தவருக்கு இதிலை என்ன குறையப்போகுது, மலர்? கதை உயிரோடை இருக்குத்தானே," என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூனிலும் அவர் அதைச் சொன்னார். நீந்தச் சொன்னால் தோள்மூட்டு நோகும். ஒரு வருடம் காது, ஒரு வருடம் டொக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். கடலைக் கடந்த மனுசன் குடாவில் குளித்துக் காட்ட வேண்டுமா என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பண்பானவர்கள்.

போன ஜூனில் ஒழுங்கமைப்பாளர் ஹென்ரிக், இந்த முறை ராஜாவைப் பற்றி அவருடைய மனைவி இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று கேட்டான். நான் பொது இடங்களில் பேச விரும்புவதில்லை. ஆனால் கேட்டுவிட்டான். எழுந்து, அண்ணா செய்ததை நடந்தது நடந்தபடி சொன்னேன். தண்ணீரின் நிறம், சாரத்தை அவர் நெஞ்சுக்குக் குறுக்காக முடிந்த விதம், பிள்ளையின் கால் அவருடைய விலாவில் அடித்தது. ஒரு பெயரை மட்டும் மாற்றினேன். அதையும் என் கணவர்தான் முதலில் மாற்றினார். கடைசியில், இன்றைக்கு அவருக்குத் தோள் சுகம், உங்களுக்காக நீந்துவார் என்றும் சேர்த்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது. அன்றைக்கு நான் வேலையில் இருக்கவில்லை.

எல்லாரும் ராஜா, ராஜா என்று கைதட்டினார்கள். நான் பொம்மையை அவருடைய முதுகில் வைத்து, கொண்டுபோன சாரத்தால் கட்டினேன். அண்ணா முடிந்த மாதிரியே, இறுக்கமாக. சடையை உள்ளேவிட்டுக் கட்டினேனா வெளியேவிட்டா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளே. ஈரமானால் அந்தச் சடை ஒரு பிள்ளையின் பாரம் இருக்கும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான்தான் தோய்த்துவிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

"என்ன விளையாட்டு இது?" என்று கேட்டார். சிரித்த முகத்தோடுதான் கேட்டார், ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீந்தத் தெரியாதெண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ, அப்பா. தமிழிலை சொன்னாக் காணும். நான் மொழிபெயர்க்கிறன்," என்றேன் அவரிடம்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அவருக்கு வழி விட்டேன். ஒரு வசனம். ஆழம் அவருக்கும் தெரியும். அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஹென்ரிக்கைப் பார்த்தார். அந்தக் கிங்ஸ்டன்காரர் மேளத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, சரிதானா என்பதுபோல இவரைப் பார்த்தார். இவர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் குதித்தார். இத்தனை வருடமாக மூச்சுப் போல வந்த பொய்யைவிட மூச்சு அவருக்குச் சின்ன விசயமாக இருந்திருக்க வேண்டும்.

இனி காணொளி. யாரோ எடுத்து இணையத்தில் போட்டதை என் மகள் கம்சிகா கண்டாள். அப்பாவுடைய கடைசிச் சிரிப்பைப் பார்க்கத்தான் போட்டாள். பிறகு சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, தமிழ் விளங்காது என்று சொல்வார்கள். நான்தான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். நன்றாகவே விளங்குகிறது.

"அம்மா, அப்பா பாடேல்லை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நாள் அதை உங்களிடம் கொண்டுவந்தாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை, அதற்கு உங்கள் தாளில் இடம் இருக்காது.

காணொளியில் அவர் ஒரு தடவை தாழ்ந்து எழும்புகிறார். கை மேலே வருகிறது. படத்திலும் கை மேலே வரும், அதனால் ஆட்கள் சிரிக்கிறார்கள். பிறகு அவர் கத்துகிறார். உங்கள் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சு அவருக்குத் தடங்கலாக இருக்கலாம். நான் எழுதித் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல்: "மலர், எனக்கு நீந்தத் தெரியாது. சொல்லு அவையளுக்கு. எனக்கு நீந்தத் தெரியாது."

ஹென்ரிக் குதிக்கப்போவதுபோலக் காலிலிருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தான். என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டான். பாலத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்.

"படத்தின் கடைசிப் பாட்டைத் தமிழில் பாடுகிறார்," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டு சப்பாத்தைத் திரும்பப் போட்டான். கூட்டம் தாளத்துக்குக் கைதட்டியது. மேளக்காரர் மட்டும் மேளம் அடிக்கவில்லை. பிறகு குதித்தவரும் அவர்தான், பிந்திவிட்டார். அப்போது அவர் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சமமாகிவிட்டிருந்தது.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில் ஓம். கதை சொல்லி அவரைத் தண்ணீருக்கு அனுப்பியதும், பொம்மையைக் கட்டியதும், கேட்டவனிடம் மாற்றிச் சொன்னதும் நான்தான். கொலை என்று எழுதப்போகிறீர்களென்றால் எழுதுங்கள், திருத்தமாட்டேன். ஆனால் ஒரு விசயத்தை நியாயமாகப் பாருங்கள். என் அண்ணாவை அவ்வளவு நல்ல நோர்வேஜிய மொழியில் தனதாக்கத் தெரிந்த மனுசன், அந்த ஒரு வசனத்தையும் நோர்வேஜிய மொழியிலேயே சொல்லியிருந்தால், நான் குறுக்கே நின்றிருக்கமாட்டேன்.