கடல் தெரியும் வீடு

பாலாவியில் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். ஒருவர் வீடு விற்கிறவர். மற்றவர் அந்த வீட்டை ஃபோனில் படம் பிடித்து விளம்பரம் போட்ட அவருடைய மச்சான்.

"கடல் தெரியுமெண்டு போட்டிருக்கிறியே, எங்க தெரியுது?"

"தெரியுந்தானே மச்சான். தண்ணி டாங்கிக்கு மேல ஏறி நிண்டா தெரியும். அங்க நிண்டுதான் நான் படம் எடுத்த."

"வாங்க வாறவரும் டாங்கியில ஏறோணுமா?"

"எல்லாரும் அப்பிடித்தான் எடுக்கிற. அறையையும் மூலையில குந்திக்கொண்டு எடுத்த. மண்டபம் மாதிரி இருக்கு."

"அதுல அலுமாரி வெச்சாக் கதவு பூட்ட ஏலாதே."

"அதுக்குத்தான் அலுமாரிய வெளி முத்தத்துல வெச்சிட்டு எடுத்த."

"வெளையாடாத. இத வித்தாத்தான் மகளுக்கு வீடு கட்டிக் குடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பாத்துக்கொண்டிருக்காங்க."

அப்போது வீடு விற்கிறவருக்கு ஃபோன் வந்தது. "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னவாம் மச்சான்?"

"வாங்கிற ஆள்தான். பின்னேரம் உம்மாவயும் கூட்டிக்கொண்டு வாறாராம். அவவுக்கு நடக்க ஏலாதாம். கட்டில்ல படுத்தபடி கடலப் பாக்கத்தான் இந்த வீட்ட எடுக்கிறாராம்."

மச்சான் தன் ஃபோனில் அந்தக் கடல் படத்தைத் திறந்து பார்த்தார்.

"அப்ப அந்தப் படத்தப் பெரிசா அடிச்சு, கட்டிலுக்கு நேர செவத்துல கொளுவி வெப்பம்."