காலி வண்டியில் உடைந்த தண்டு

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கைக் கிரீஸைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் பணிமனைத் தோழர்களே, ஓட்டுநர் நண்பர்களே,

இன்று நாம் நினைவுகூரக் கூடியிருக்கும் நம் தலைமை மெக்கானிக்கை, அண்ணியின் கணவரை, நாம் ‘சத்தக்காரர்’ என்றுதான் அழைத்தோம். முப்பது வருடம் டீசல் என்ஜின்களோடு பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலும் வாசல் காவலாளிக்குக் கேட்கும். அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு வருடம் நம் கல் லாரிகளில் ஜாயிண்ட் ஷாஃப்ட் உடைந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சைச் சுழற்றும் அந்தத் தண்டை மாற்றுவார்கள். மாதம் திரும்புவதற்குள் மறுபடி உடையும். என் வண்டியில் இரண்டாம் முறை உடைந்தபோது, தண்டு கீழே அடித்துப் பிரேக் குழாயை அறுத்தது. சரிவில் மண்மேட்டில் மோதித்தான் நின்றேன். விசாரணையில், “சார், பாரம் ஏத்திப் போறப்ப ஒடையல. காலியா திரும்புறப்பதான் ஒடையுது” என்றேன். யார் காதில் வாங்கினார்கள்? ‘ஓட்டுநர் கிளட்சைப் படக்கென்று விடுகிறார்’ என்று அறிக்கை எழுதினார்கள். எழுதியவர் நம் சத்தக்காரர். என் வேலை போயிற்று.

நான்கு மாதம் கழித்து அதே வண்டியில், வேறொருவர் ஓட்டும்போது, மறுபடி உடைந்தது. அதுவும் காலி வண்டி. அப்போதுதான் நான் சொன்னது அவர் மனத்தில் உறுத்தியிருக்கிறது. காலி வண்டியின் அடியில் படுத்தார். பாரம் ஏற்றச் சொல்லி மறுபடி படுத்தார். அதிகப் பாரம் தாங்க வேண்டுமென்று பின்ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிக்கொள்ள, தண்டு கோணலாகச் சுழன்று அதன் மூட்டு இணைப்பைத் தின்றிருக்கிறது. அந்தப் பட்டைகளைப் போடச் சொன்னவரும் அவரேதான்.

மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி உள்ளே கூப்பிடவில்லை.

“வேலைய எடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்?”

“தப்பு என்னுதும்மா. உன் வீட்டுக்காரர் சொன்னது சரி. நான் கேக்கல.”

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

அன்றே என்னையும் அழைத்துக்கொண்டு போய் மேலாளர் அறையில் நின்றார். “உங்க பேரு கெட்டுப் போகுமே” என்றார் அன்றைய மேலாளர்.

“கெடட்டும் சார். இவரு பேரு கெட்டு நாலு மாசம் ஆச்சு. பட்டையக் கழட்டுறேன், நீங்க பாரத்தக் குறைங்க.”

இது பணிமனை முழுவதும் கேட்டது. பதினான்கு வண்டிகளிலும் பட்டைகள் கழன்றன. பாரம் குறைந்தது. அந்த உடைப்பு அதோடு நின்றது. என் வேலையும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அதைச் சொல்ல அடுத்தவர் வாசல்வரை நடக்கிற மனிதர் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்?

அண்ணி, வீட்டில் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் இந்தச் சபையில் சொல்கிறேன்.

ஓட்டுநர் சங்கச் செயலாளராக ஓர் உறுதி தருகிறேன். வண்டியின் அடியில் ஒருவர் படுத்துப் பார்க்காமல், ஓட்டியவர் சொல்வதைக் கேட்காமல், இனி இங்கே எவர் மீதும் அறிக்கை எழுத விடமாட்டோம். இன்று காலை ஏழாம் எண் வண்டியை அச்சு முறிந்த நிலையில் இழுத்து வந்திருக்கிறார்கள். அதன் ஓட்டுநர் பயந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, கூட்டம் முடிந்ததும் வா. என்ன நடந்தது என்று முதலில் நீ சொல்.