ஈசலும் புல்டோசரும்: தாடையில் பட்ட குத்து பற்றி மேல்மாடிக்காரர் கூறியது

பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது எழுபத்து நான்கு. கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கீழ்த்தளச் சலவைக்கடைக்காரரும் அவர் மனைவியின் தம்பியான லிஃப்ட் மெக்கானிக்கும் என்னை டீச்சரம்மா என்பார்கள், திருத்தி அலுத்துவிட்டது. எனக்கு இடது காது கேட்காது. ஆகவே சலவைக்கடைக்காரர் பதில் சொல்லும்போதெல்லாம் என் வலது காதருகே குனிந்து பேசுவது வழக்கம். இதை நேற்று காவல் விசாரணையில் நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

இருவரும் தினமும் மாலை நான்கு மணிக்குக் குத்துச்சண்டை பற்றி வாதிடுவார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆடிய அறுபத்தொரு கிலோ வீரர் ஒருவருக்கு ஈசல் என்றும், இன்று ஆடும் நூற்றுப் பத்து கிலோ வீரருக்குப் புல்டோசர் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இருவரும் மோதினால் யார் வெல்வார் என்பதே மூன்று வருட வழக்கு.

நேற்று மெக்கானிக், "அந்தக் காலத்துல பதினஞ்சு ரவுண்டு மச்சான். உன் ஆளு ஏழாவதுலயே ஸ்டூலைத் தேடுவான்" என்றார். அதற்கு மற்றவர், "ஈசல் குத்தினா என் ஆளு சொறிஞ்சுக்கிட்டே அடிப்பான், போ மாப்ள" என்றார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆர்வம் தொற்றியிருந்தது. பேசியே தீர்க்க முடியாததைச் செய்து பார்க்கலாமே என்று சொன்னது நான்தான். மெக்கானிக் ஈசலின் எடைக்காரர்; கடைக்காரர் ஏறக்குறைய புல்டோசர். கையில் துவாலை சுற்றிக்கொண்டு, தடுக்கப்படாமல் எதிராளியின் வலது தோளை ஐந்து முயற்சியில் எத்தனை முறை தொட முடிகிறது என்பது சோதனை. முகத்தில் படக் கூடாது என்பது விதி. முதலில் குத்துவது மெக்கானிக்கின் முறை. அதன் பிறகு நான் கடைக்காரருக்கு வலப்பக்கம் ஸ்டூலில் அமர்ந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "ஆரம்பிங்க" என்றேன்.

இரண்டு முயற்சிகள் முடிந்தன. ஒன்று தொட்டது, ஒன்று தடுக்கப்பட்டது. அதன் பிறகு, எடை என்ற கட்டம் நிரப்பப்படாதிருந்ததைக் கண்டு, மூன்றாவது குத்து கிளம்பிய கணத்தில், "சரியா எத்தனை கிலோ?" என்று கேட்டேன். அவர் வழக்கம்போல் என் காதருகே குனிந்து, "நூத்தி நாலு, டீச்…" என்றார். தோள் இருந்த இடத்துக்குத் தாடை வந்தது. கை ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. அதைத் திருப்ப எவராலும் இயலாது.

கோட்டு வாங்க வந்த வாடிக்கையாளர் வாசலில் நின்று பார்த்தது இந்தக் குத்தை மட்டுமே. அவர்தான் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னவர். அதற்குள் மெக்கானிக் தன் கைத்துவாலையைக் கழற்றி கடைக்காரரின் தாடையைத் தாங்கியபடி, "கண்ணைத் திற மச்சான், புல்டோசர்தான் ஜெயிப்பான், ஒத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரோதம் உள்ளவர் அந்தக் கட்சியை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். அடித்தாரா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள், ஆம் என்றேன். அந்த ஒரு சொல்லால் மெக்கானிக் உங்கள் காவலில் இருக்கிறார். நேற்றே முழுவதும் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை மருத்துவமனையில், தாடை கட்டப்பட்டுப் பேச இயலாத கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். "மாப்ளைய விடுங்க. அந்தக் குத்து செல்லாது, நான் பார்க்கல. இன்னும் ரெண்டு பாக்கி" என்று உள்ளது. அதன் கீழே, "அடுத்த தடவை டீச்சரம்மா வாயைத் திறக்கக் கூடாது" என்றும் உள்ளது. அந்த வரியையும் நான் அடிக்கவில்லை.

இதில் நான் கூட்டியதோ மறைத்ததோ எதுவுமில்லை. வலது காதருகே படித்துக் காட்டப்பட்டது, சரியாக உள்ளது.

(கையொப்பம்)